குணபூசணி விட்ட காலிக் கட்டம்

குணபூசணி முப்பத்தோரு வருடமாக எண்ணெய்க் கிணறுகளைக் கவனித்துவருகிறார். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கிணறுகள் மலேசியாவின் திரங்கானு கரைக்கு அப்பால் தென்சீனக் கடலில் இருக்கின்றன. அவர் கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் இருக்கிறார். சன்னலில் தெரிவது மோனோரயில். கடல் பார்க்கவென்று அவர் போனது போர்ட்டிக்சனுக்கு மட்டும்தான். அங்கேயும் வெயில் தாங்கவில்லை என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

இதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கிணற்றை நேரில் பார்த்தவர்கள் பலரை அவருக்குத் தெரியும். அவர்கள் பார்த்ததெல்லாம் கிணற்றின் வாயை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர்களும் பதினெட்டாம் மாடிக்குத்தான் போன் போட வேண்டும்.

அவர் வேலை பார்க்கும் கம்பெனி, கிணற்றுக்குள் இறக்கும் அளவுக் கருவிகளைச் செய்து வாடகைக்கு விடுகிறது. பட்டறை கிள்ளானில், அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். கம்பியில்லாக் கருவி என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கும். படிப்பவர்கள் கைத்தொலைபேசி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்கும் இரும்புக்கும் நடுவில், கைத்தொலைபேசி அலைக்கு வேலையே இல்லை. இந்தக் கருவி செய்வது, தான் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குழாயைத் தட்டுவது. மணிக்கு ஒரு தடவை, அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று தட்டும். குழாயைக் கட்டிப்பிடித்தபடி வழியில் நிற்கும் வேறு சில கருவிகள் அதைக் கேட்டு மேலே தட்டும். கடல்மேடையில் ஒரு பெட்டி காது வைத்துக் கேட்டு, எண்ணாக மாற்றி, பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பும். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரைச் சுவர் தட்டிக் கூப்பிடுவதும் இதே தொழில்நுட்பம்தான். ஆனால் அதற்குக் காப்புரிமை வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த எண்களை வரைபடமாக்கி, சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போடுவது குணபூசணியின் வேலை. வயது ஐம்பத்தொன்பது. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க நாற்காலிகளில் உட்கார்ந்த குடும்பம். ரயில்வே, தபால், கருவூலம் என்று ஆளுக்கொரு நாற்காலி. அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை விண்ணப்பப் பாரத்துக்குத்தான். பாரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும், அதற்கும் இடமில்லாவிட்டால் ஒரு கோடாவது இழுக்க வேண்டும். காலியாக விட்டவன் ஒன்று மறைக்கிறான், இல்லாவிட்டால் படிக்காதவன். குணபூசணிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பெண்ணின் விவரத் தாளில் 'இதர குறிப்புகள்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று 'கண்ணாடி அணிவதில்லை' என்று எழுதினார்கள். அப்போது அவர் கண்ணாடி அணிந்திருந்தார். கழற்றச் சொல்லிவிட்டு எழுதினார்கள்.

இந்தப் பழக்கத்தை அவர் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், அப்போதிருந்த மேலாளர் வரைபடத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். கருவியின் தட்டு இரண்டு மணி நேரம் கேட்காமல்போய், கோட்டின் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி. "வாட்ஸ் திஸ் ஹோல்?" என்று வாடிக்கையாளர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். குணபூசணிக்கு எல்லோர் முன்னாலும் சேலை முந்தானை கிழிந்துபோன மாதிரி இருந்தது. அன்றைக்கே வரைபட நிரலுக்குள் நாலு வரி எழுதிச் சேர்த்தார். எண் வராத மணிக்கு, முந்தைய மணியின் எண்ணையே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எந்த வரைபடத்திலும் ஓட்டை இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அந்த நாலு வரியை அவரே மறந்துபோனார்.

அவை நினைவுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, இன்னொரு பாராட்டின் நடுவில்.

மேலாளர் கிரிதரனுக்கு நாற்பது வயது. பிரிக்பீல்ட்ஸ் முருகன் கோயில் கமிட்டியில் அவன் அப்பாவும் குணபூசணியின் கணவரும் சேர்ந்து இருக்கிறார்கள், அதாவது சேர்ந்து சண்டை போடுகிறார்கள். அதனால் அலுவலகத்தில் 'மேடம்', காரியம் ஆக வேண்டுமானால் 'ஆன்டி'. அவன் திரையில் காட்டிய கிணற்றில் அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய வேலை இருந்தது. கிணற்றின் தலைமேல் இருக்கும் வால்வுக் கூட்டத்துக்கு எண்ணெய்க்காரர்கள் கிறிஸ்மஸ் மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழசாகிக் கசிய ஆரம்பித்த அந்த மரத்தைக் கழற்றிப் புதிது வைக்க வேண்டும். கழற்றிய பிறகு சில மணி நேரம் கிணற்றுக்குத் தலை இருக்காது. அடியில் இருக்கும் வாயுவை மேலே வரவிடாமல் தடுப்பவை இரண்டு. ஒன்று ஆழத்தில் இறக்கியிருக்கும் அடைப்பு. மற்றது அதற்கு மேல் நிற்கும் உப்புத் தண்ணீர். அடைப்புக்குச் சற்று மேலே கம்பியில்லாக் கருவி உட்கார்ந்திருக்கிறது. அடைப்பு கசிந்தால் அது காட்டும் அழுத்தம் ஏறும். ஏறாவிட்டால் கழற்றலாம்.

"பாருங்க," என்றான் கிரிதரன். "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து அசையவே இல்ல. ரூலர் வச்சு கோடு போட்ட மாதிரி. கிளையன்டுக்கு இதவிட என்ன வேணும்? மேடம், பன்னெண்டுக்குள்ள சைன் வச்சீங்கன்னா அனுப்பிடலாம்."

கோடு உண்மையிலேயே அழகாக இருந்தது. குணபூசணிக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி எண்களை உற்றுப் பார்த்தார். கிணறு எதுவும் ரூலர் வைத்துக் கோடு போடாது. எவ்வளவு அமைதியான கிணற்றிலும் கடைசித் தசம எண் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். இங்கே 212.04, 212.04, 212.04 என்று எண்கள் பள்ளிக்கூடத்து வரிசை மாதிரி நின்றன.

தன் மேசைக்குப் போய் அந்த நாலு வரியைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். வரைபடம் மறுபடி வரைந்துகொண்டது. சனிக்கிழமை கருவி இறக்கியதிலிருந்து ஞாயிறு பகல் ஒரு மணி வரைக்கும் துடிக்கிற கோடு. அதன் பிறகு வெள்ளை. தொண்ணூற்று மூன்று மணி நேர வெள்ளை.

கிள்ளான் பட்டறையில் கருவிகளைச் சோதிப்பவர் வீரம்மா. நாற்பது மீட்டர் குழாயின் ஒரு முனையில் கருவியைக் கட்டி மறு முனையில் கேட்டுப் பார்ப்பது அவர் வேலை. மேடைப் பெட்டி கேட்கும் சத்தத்தை அப்படியே பார்க்கும் வசதியும் அவரிடம்தான் இருந்தது. அவரைக் கூப்பிட்டதற்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி மடமடவென்று பதில் வந்தது.

"குணாக்கா, நல்ல நாளாப் பாத்து கேட்டீங்க. ஞாயித்துக்கெழம மத்தியானத்துலேர்ந்து ஒரே இரைச்சல். புதுசா ஒரு பம்ப மேடையில எறக்கி ஓட்டுறானுங்க அங்க. அது ஓடுனா நம்ம கருவி பேசுறது எங்க கேக்கும்? பாசார் மாலாம் ராச்சந்தைக் கூட்டத்துல நின்னுக்கிட்டு போன் பேசுற மாதிரிதான்."

"கருவி செத்துப்போச்சா, இல்ல பேசிக்கிட்டுதான் இருக்கா?"

"அது எப்படி தெரியும்? கூட்டத்துல நிக்கிறவன் வாய் அசையுதான்னு பாக்க எனக்கு கண்ணு ரெண்டு கிலோமீட்டர் எறங்கணும். ஏன், உங்க கிராப்புலதான் ஜோரா கோடு வருதே? நான்கூட இந்த அக்காவுக்கு மட்டும் எப்படி கேக்குதுன்னு நெனச்சேன்."

"நினைச்சவ கேட்டிருக்கலாமே!"

"பதினெட்டாம் மாடிய நான் கேள்வி கேக்குறதா? நல்லாருக்கே."

குணபூசணி போனை வைத்தார். சத்தத்தை நிறுத்தினால் கேட்கலாம். கருவி மணிக்கொரு தடவைதான் தட்டும். அதனால் முழுசாக ஒரு மணி நேரம் மேடையில் பம்பு, கிரேன், சுத்தியல் எல்லாம் நிற்க வேண்டும். நேரம் பத்தரை. அவர் கிரிதரன் அறைக்குப் போய் இரண்டு வரைபடத்தையும் அவன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவன் இரண்டையும் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"ஆன்டி, ஞாயித்துக்கெழம 212. அடைப்பு புதுசு. திடீர்னு ஏன் மாறப்போகுது?"

"மாறியிருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். நினைப்ப கிராப்புல போட முடியாது."

"பதினோரு வருஷமா போட்டுட்டுதானே இருக்கீங்க?" அவன் குரலை உயர்த்தவில்லை. நல்ல பிள்ளை. "அந்த நாலு வரி உங்க பேர்ல இருக்கு. இத வெளிய சொன்னா மொதல்ல உருளுறது உங்க தல."

"தெரியும். அதனாலதான் இன்னொருத்தர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன்."

"சரி, ஒண்ணு செய்வோம். கீழ சின்னதா ஒரு ஃபுட்நோட். 'சில அளவுகள் மதிப்பிடப்பட்டவை.' நம்ம மேல தப்பு இல்லாம போயிரும்."

"சின்ன எழுத்து யாருக்கு? மரத்த கழட்டப் போறவன் கையில ஸ்பேனர் இருக்குமா, பூதக்கண்ணாடி இருக்குமா?"

"ஒரு மணி நேரம் பிளாட்ஃபார்ம நிறுத்தச் சொன்னா கிளையன்ட் என்ன சொல்வான் தெரியுமா? நம்ம கருவிக்கு காது கேக்காதுன்னு ஊரெல்லாம் சொல்வான். அடுத்த காண்ட்ராக்ட் இல்ல. எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகி நீங்க நிம்மதியா போயிருவீங்க, நாங்க இங்க இருக்கணும் லா."

"எட்டு மாசம் இருக்குதுல்ல? அதுவரைக்கும் நான் வேலை பாக்கணும்."

"சைன் வைக்க மாட்டீங்களா?"

"இந்தக் கோட்டுக்கு வைக்க மாட்டேன்."

"வேற யாராவது வைப்பாங்க."

குணபூசணி யோசித்தார். சரிபார்ப்பவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட அனுமதி பெற்றவர் அலுவலகத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான்.

"நீங்கதான் இருக்கீங்க. போடுங்க," என்று பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

கிரிதரன் அந்தப் பேனாவைத் தொடவில்லை. மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னான். மேலிடம் சிங்கப்பூருக்குப் போகும் விமானத்தில் இருந்தது.

அடக்கமானவர் என்று பெயரெடுத்த பெண்களிடம் ஒரு ஆபத்து உண்டு. முப்பது வருடம் சேர்த்துவைத்த பிடிவாதத்தில் அவர்கள் ஒரு துளிகூடச் செலவழித்திருக்க மாட்டார்கள். குணபூசணி தன் மேசைக்குத் திரும்பி, கடல்மேடையின் நேரடி எண்ணை எடுத்தார். அதற்கு மேலாளர் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்து ஒட்டியதே அவர்தான். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை.

மேடையில் கிணற்று வேலைக்குப் பொறுப்பாளர் திருச்செல்வம். ரவாங் ஊர்க்காரர். வாடிக்கையாளர் கம்பெனியைச் சேர்ந்தவர். குணபூசணியின் பெயரை அவர் வரைபடங்களின் அடியில் மட்டுமே பார்த்திருந்தார்.

"மேடமா? கையெழுத்து மேடம்? சொல்லுங்க, கிராப் எப்ப வரும்? கிரேன் ரெடியா நிக்கிது."

"கிராப் வராது. ஒரு மணி நேரம் பம்ப நிறுத்தணும். கிரேன், சுத்தியல், எல்லாம். குழாய்கிட்ட யாரும் நடக்கக்கூட வேணாம்."

மறுமுனையில் பம்பு இரைச்சல் ஓயாமல் கேட்டது. அந்த இரைச்சல்தான் எதிரி என்று குணபூசணிக்குத் தோன்றியது.

"நாப்பத்தாறு பேருக்கு வாயில வெரல் வச்சு நில்லுங்கடான்னு நான் சொல்லணும். ஸ்கூல் டீச்சரா இருந்தீங்களா, மேடம்?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கருவி பேசுறது கேக்கல."

"கேக்கலயா? அப்ப டெய்லி எனக்கு வந்த கிராப் என்னது?"

இந்த இடத்தில் சொல்வதற்கு நல்ல வார்த்தைகள் பல இருந்தன. தரவு இடைநிரப்பல், மென்பொருள் அமைப்பு, தொழில்நுட்பக் கோளாறு. எல்லாமே அவர் நாக்கு நுனிவரை வந்தன.

"நான் போட்ட கோடு," என்றார். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின புரோகிராம். கிணறு பேசாதப்ப, பேசின மாதிரி காட்டும். தப்பு என்னோடது."

திருச்செல்வம் மலாயில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு தமிழுக்கு வந்தார்.

"ஏங்க, நான் இந்த கெணத்து மேல ஒக்காந்துதான் சோறு திங்கிறேன். நாலு ராத்திரியா உங்க கோட்ட பாத்துட்டுதான் நல்லா தூங்குனேன்."

"தெரியும். இனிமே தூங்காதீங்க."

"இத சொல்ல உங்க மேனேஜர் எங்க?"

"அவருக்குத் தெரியாம கூப்பிடுறேன்."

திருச்செல்வத்தின் மூச்சுச் சத்தம் கேட்டது. குணபூசணி காத்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, எதிர்ப்பக்கம் உள்ளவர் பேசாத இடத்தை அவர் தன் சொல்லால் நிரப்பவில்லை.

"பன்னெண்டு பத்துக்கு நிறுத்துறேன்," என்றார் திருச்செல்வம். "ஒரு மணி பத்துக்கு ஓட்டிருவேன். அதுக்குமேல நீங்க அழுதாலும் நிறுத்த மாட்டேன்."

"நான் அழ மாட்டேன்."

பன்னிரண்டே காலுக்குக் கிரிதரன் ஓடிவந்தான். மேடையிலிருந்து வேறு யாரோ அவனைக் கூப்பிட்டு, ஏன் எல்லாம் நின்றுபோயிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவன் முகம் சிவந்திருந்தது. திட்டுவதற்கு மேடம் என்று தொடங்குவதா ஆன்டி என்று தொடங்குவதா என்று தெரியாமல் நின்றான். குணபூசணி பக்கத்து நாற்காலியைக் காட்டினார். ஒரு போனில் மேடையிலிருந்து திருச்செல்வம் காத்திருந்தார்; இன்னொன்றில் வீரம்மா கிள்ளானிலிருந்து மேடையின் சத்தத்தை விவரித்துக்கொண்டிருந்தார்.

"கொறஞ்சிருச்சுக்கா. பம்பு நின்னுருச்சு. இப்ப யாரோ பூட்ஸ தேச்சுக்கிட்டு நடக்குறான், அவன ஒக்காரச் சொல்லுங்க. ஆங், ஒக்காந்துட்டான். யார்ரா அது தும்முறது?"

பன்னிரண்டரை ஆனது. பிறகு பன்னிரண்டே நாற்பது. ஒன்றும் இல்லை. கிரிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், மோனோரயில் போவதைப் பார்த்தான். கருவி செத்திருந்தால் என்ன செய்வது என்று குணபூசணி யோசித்தார். செத்திருந்தால் கழற்றக்கூடாது, அவ்வளவுதான். அதையும் சொல்ல வேண்டியவர் அவர்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. நாலு வரி எழுதிய பெண்மீது இருந்த எரிச்சல் அது.

பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு வீரம்மா கத்தினார். "தட்டுது! அக்கா, தட்டுது!"

திரையில் எண் விழுந்தது. 212.06.

கிரிதரன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். நிம்மதியும் கோபமும் கலந்த சிரிப்பு.

"பாத்தீங்களா? அதே 212. கோடு சரியாத்தான் இருந்துருக்கு. இதுக்கா இவ்ளோ?"

"பாத்தேன்," என்றார் குணபூசணி. "இப்பத்தான் பாத்தேன்." பிறகு மேடைப் போனை எடுத்தார். "திரு, ஒரு எண் போதாது. அடுத்த மணிக்கும் வேணும்."

"அக்கா!" என்று திருச்செல்வம் அலறியது கிரிதரனுக்கும் கேட்டது. மேடத்திலிருந்து அக்காவுக்கு அவர் இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தார். "பசங்க என்ன மொறைக்கிறானுங்க. ஒருத்தன் இருமல அடக்கி அடக்கி செவந்துபோயிட்டான்."

"அவர உள்ள போய் இருமச் சொல்லுங்க."

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு 212.05 வந்தது. குணபூசணி வரைபடத்தை அச்சடித்தார். நடுவில் தொண்ணூற்றாறு மணி நேர வெள்ளை. அதன்மேல் 'கேட்கவில்லை' என்று பொருள்பட ஒரே ஒரு சொல். கீழே கையெழுத்துப் போட்டார். கிறிஸ்மஸ் மரம் மூன்று மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்குக் கழன்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல அலுவலகத்துக்கு ஒரு கதை கிடைத்தது: ஒன்றுமில்லாததற்கு ஒரு கடல்மேடையை இரண்டு மணி நேரம் ஊமையாக்கிய கிழவி.

மறுநாள் கிரிதரன் அந்த நாலு வரியை மறுபடி போடச் சொன்னான்.

"போட மாட்டேன். நீங்க போடுங்க, உங்க பேர்ல."

அதையும் அவன் போடவில்லை. நல்ல பிள்ளை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஒரு வாரம் கழித்து விளக்கம் கேட்கும் கடிதம், நிரப்பித் தர வேண்டிய ஒரு பாரத்தோடு வந்தது. அனுமதியின்றி வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டது ஒரு குற்றம். மேடையில் வேலை நின்றதற்குக் காரணமானது இன்னொரு குற்றம். குணபூசணி அதை மூன்று தடவை படித்தார். அந்த நாலு வரியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. செய்த தவறைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தவறில்லாத ஒன்றுக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு உண்மையில் கோபம் வந்தது அப்போதுதான்.

கணவர் சிவகுருநாதன் சுகாதார அமைச்சில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கண்டதும் இருபது வயது குறைந்தவர் மாதிரி மேசையில் உட்கார்ந்து, 'மேற்கூறப்பட்ட விடயம் தொடர்பாக' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினார். பதினான்கு பத்தி, எல்லாவற்றுக்கும் எண்.

"வருத்தம் தெரிவிக்கிறன் எண்டு ஒரு வரி போடும்," என்றார். "அது ஒரு மரியாதை. ஒருத்தரும் அத நம்பப்போறதில்ல."

"நம்பாத வரிய ஏன் போடவேணும்?"

"கட்டம் இருக்குதெல்லோ!"

வீட்டுக்குள்ளும் கோபத்திலும் மட்டுமே குணபூசணிக்கு யாழ்ப்பாணம் வாயில் வரும். இப்போது இரண்டும் சேர்ந்திருந்தது. "கட்டம் இருக்குது எண்டு நிரப்பி நிரப்பித்தான் நான் இங்க வந்து நிக்கிறன். உங்கட வீட்டுக்கும் கண்ணாடி போடாத பெம்பிள எண்டு எழுதித்தான் வந்தனான்."

சிவகுருநாதன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்கு முதல் நாளே தெரியும். காதுப் பக்கம் தழும்பு இருந்தது," என்றார். மூன்று பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் குணபூசணி வேறொரு வேலை பார்த்தார். பதினோரு வருட வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாலு வரியை நீக்கி மறுபடி வரைந்தார். நூற்று முப்பத்தேழு கிணறுகள். பெரும்பாலானவற்றில் ஒரு மணி, இரண்டு மணி வெள்ளை. பதினொன்றில் ஒரு நாளுக்கும் மேல். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகாமல், மேசையிலேயே ரொட்டி தின்றபடி அந்தப் பதினொன்றுக்கும் பட்டியல் எழுதினார். எந்தக் கிணறு, எந்த நாள், எத்தனை மணி, யாரிடம் கொடுக்கப்பட்டது. தலைப்பில் தன் பெயர். கடைசியில், இந்தக் கிணறுகளின் உரிமையாளர்களுக்கு இது தெரிவிக்கப்பட வேண்டும், தெரிவிக்கும் கடிதத்தில் நான் கையெழுத்திடத் தயார் என்று ஒரு வரி.

நடுவில் ஒரு நாள் திருச்செல்வத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'அக்கா, இன்னிக்கு கிராப்ல ரெண்டு ஓட்ட. பாத்தேன், கிரேன்காரன திட்டி நிறுத்திட்டேன். மூணாவது மணிக்கு பேசிருச்சு. ஆனா தூக்கம் போச்சு. சந்தோஷமா?'

'சந்தோஷம்' என்று பதில் அனுப்பினார்.

பட்டியலையும் விளக்கப் பாரத்தையும் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலை மனிதவளப் பிரிவில் கொடுத்தார். பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவள் ராஜினி, அந்தப் பிரிவில் இருக்கும் முப்பது வயதுப் பெண். குரலில் இனிப்பு அதிகம்.

"ஆன்டி, ஃபார்ம் பாத்தேன். மூணாவது கட்டம் விட்டுப்போச்சு. 'உங்கள் நடத்தைக்கான விளக்கமும் வருத்தமும்'னு இருக்குதே, அது."

"விட்டுப்போகல. காலியா விட்டிருக்கேன்."

"ஏதாச்சும் எழுதுங்க ஆன்டி. ஒரு வரி. 'பொருந்தாது'ன்னு போட்டாக்கூட போதும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் குணபூசணியின் கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. தேடி எடுத்தது. எடுத்த கையை அவர் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டத்துல எழுத என்கிட்ட ஒண்ணும் இல்ல. இல்லாதத எழுதறத நிறுத்திட்டேன்."

"அப்புறம் இந்த லிஸ்ட் என்னது? யாரும் கேக்கலயே?"

"கேக்கலன்னுதான் குடுத்தேன். அதுக்கு உங்க ஃபார்ம்ல கட்டம் இல்ல, அதனால தனித் தாள்ல எழுதியிருக்கேன். பதினோரு கிணறு. வாங்கிக்கிட்டதுக்கு சீல் அடிச்சு ஒரு காப்பி அனுப்புங்க."

ராஜினி பெருமூச்சு விட்டாள். விசைப்பலகை சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறாள் என்று தெரிந்தது.

"ஆன்டி, கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது லா. சிவப்பா காட்டுது."

"காட்டட்டும்," என்றார் குணபூசணி.